குழைந்த சோறும் குளிர்சாதனக் கடையும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தயங்கிக்கொண்டே இருந்தேன். பேனாவை எடுப்பேன், வைப்பேன். எனக்குப் படிப்புக் குறைவு என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் என் வீட்டுக்காரர். "மளிகைக் கடைக்காரன் கதையை எவன் படிப்பான், பேசாம ஜெபமாலையைச் சொல்லு" என்பார். அவர் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்த பிறகும் கை வரவில்லை. அவர் மனது உடைந்து நின்ற காலத்தை ஊருக்குச் சொல்வது சரியா என்று எனக்குள் ஒரு கேள்வி.

போன ஞாயிறு அந்தக் கேள்வி தீர்ந்துவிட்டது. பூசை முடிந்து கோயில் கேன்டீனில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். அங்கே ஒரு பையன், நல்ல பையன்தான், கம்ப்யூட்டர் வேலை. என்னிடம் வந்து, சிங்கப்பூர்ப் பேச்சில், "ஆன்ட்டி, இன்னும் கொஞ்ச வருஷம்தான். மளிகைக் கடை எல்லாம் குளோஸ் லா. எல்லாம் போன்லயே வாங்கிக்கலாம்" என்றான்.

காப்பியைக் கீழே வைத்தேன். இந்தப் பேச்சை நான் முதல் தடவையாகக் கேட்கவில்லை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் இந்தக் கைப்போன் இல்லை, வேறு ஒன்று இருந்தது. அப்போதும் இதையேதான் சொன்னார்கள். ஆகவே எழுதுகிறேன்.

தட்டோடு வந்த அக்கா

அது ஒரு தவக்காலம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள். சிங்கப்பூரில், கிளமெண்டியில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில்தான் கடை, மேலே வீடு. எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கிய சமயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மத்தியான வெயில். கடையில் ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் சூசை, தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன். அப்போது மனோன்மணி அக்கா வந்தார். கையில் ஒரு பீங்கான் தட்டு, அதை மூடி இன்னொரு தட்டு.

மனோன்மணி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய கணவர் அரசாங்கத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் புளோக்கில், லிஃப்ட் நிற்காத மாடியில் வீடு. நெற்றியில் திருநீறு, எப்போதும் இஸ்திரி போட்ட சேலை, குரல் மட்டும் சந்தைக் குரல்.

தட்டை நேராகத் தராசின் மேல் வைத்தார். மேல் தட்டை எடுத்தார்.

"தம்பி, இதை ஒருக்காப் பாருங்கோ. இது சோறோ, களியோ?"

சோறு பசைபோல ஒட்டிக்கிடந்தது. விரலை வைத்தால் விரலோடு வந்துவிடும். என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எங்கள் இருவர் மனதிலும் ஒரே விஷயம்தான் ஓடியது. மனோன்மணி அக்கா எங்கள் கடையில் அரிசி வாங்கிப் பல மாதமாகிறது.

என் வீட்டுக்காரர் தலைக்கு மேலே சுவரில் ஒரு புது போர்டு தொங்கிக்கொண்டிருந்தது: விற்ற சாமான் திரும்ப எடுக்கப்பட மாட்டாது.

அந்த போர்டு அங்கே எப்படி வந்தது என்று சொல்லாமல் மேலே போக முடியாது.

வாயில் போட்டுப் பார்க்கும் வழக்கம்

என் அப்பாவுக்குத் தஞ்சோங் பகாரில் துறைமுக வேலை. நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸுக்கு எதிரே ஒரு சாமான் கடை. அம்மா அரிசி வாங்கப் போனால் முதலில் மூட்டைக்குள் கையை விடுவாள். நான்கைந்து அரிசியை எடுத்துப் பல்லில் கடிப்பாள். 'டக்' என்று உடைந்தால் பழைய அரிசி. சத்தமில்லாமல் நசுங்கினால், "என்னண்ணே, போன வாரம்தான் அறுத்தாங்களா?" என்று கேட்டுவிட்டு அடுத்த மூட்டைக்குப் போவாள். கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். பருப்பில் கல் இருந்தால் அந்தக் கல்லையே கொண்டுபோய்க் கல்லாப்பெட்டி மேல் வைப்பாள். அவர் சிரித்துக்கொண்டே ஒரு கை பருப்பு அள்ளிப் போடுவார்.

என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்னால் சிராங்கூன் ரோட்டில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் வேலை செய்தவர். மூட்டைகளின் மேலேயே படுத்துத் தூங்கியவர். சொந்தக் கடை போட்டதும் அங்கே கற்றுக்கொண்ட வழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்தார். புதிதாக அரிசி இறங்கினால் தெரிந்த வீடுகளுக்கு ஒரு கிண்ணம் அரிசியைச் சும்மா கொடுப்பார். "ஆக்கிப் பாருங்க. பிடிச்சா மூட்டை எடுங்க." பிடிக்கவில்லை என்றால் ஆக்கிய சோற்றையே தட்டில் போட்டுக் கொண்டுவந்து காட்டுவார்கள். வாசலில் ஒரு பெஞ்ச் இருந்தது. அதில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து பார்த்து, நான்கு பேர் நான்கு தீர்ப்புச் சொல்வார்கள். சண்டை மாதிரி இருக்கும். ஆனால் சண்டை முடிந்ததும் உளுந்து, புளி, சீரகம் என்று சாமான் வாங்காமல் யாரும் போனதில்லை.

இப்படித்தான் கடை நடந்தது. அதில் எங்களுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

குளிர்க் கடை வந்தது

பிறகு டவுன் சென்டரில் பெரிய சூப்பர்மார்க்கெட் திறந்தார்கள். கண்ணாடிக் கதவு, தள்ளுவண்டி, ஏர்கான். எல்லாரும் அதைக் குளிர்க் கடை என்றார்கள்.

பொய் சொல்லக் கூடாது, நானும் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்தது. தரை பளபளவென்று இருந்தது. பிள்ளைகள் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்றன. ஐஸ்பெட்டியில் மீன் விறைத்துக் கிடந்தது. எல்லாப் பொருளும் பிளாஸ்டிக் பைக்குள், எல்லாவற்றிலும் விலைச் சீட்டு. ஒரு சுற்றுச் சுற்றி வெளியே வரும்வரை என்னிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வந்ததும் வெயில் இதமாக இருந்தது.

ஆட்கள் போகத் தொடங்கினார்கள். போனதுகூட எனக்கு வலிக்கவில்லை. அவர்கள் எங்களைக் கண்டு ஒளிந்ததுதான் வலித்தது. ஞாயிறு பூசையில் பக்கத்தில் உட்கார்ந்து சமாதானம் சொல்லிக் கைகொடுத்தவர்கள், குளிர்க் கடைப் பையோடு வரும்போது எங்கள் வாசல் வழியாக வராமல் புளோக்கின் பின்படிக்கட்டில் ஏறிப் போனார்கள். பார்த்தும் பார்க்காத மாதிரி நான் உள்ளே திரும்பிக்கொள்வேன்.

என் வீட்டுக்காரருக்குப் பயம் பிடித்துவிட்டது. அவர் பேச்சு குறைந்தது. ஒரு நாள் பிளாஸ்டிக் பைக் கட்டுகளோடு வந்தார்.

"என்னங்க இது?"

"அரிசி, பருப்பு எல்லாத்தையும் கிலோ கிலோவா பாக்கெட் போடப் போறேன். ஜனங்களுக்கு அதான் பிடிக்குது."

"அதுதான் பிடிக்கும்னா அங்கேயே வாங்கிடுவாங்களே. இங்க எதுக்கு வரணும்?"

"ஊரே மாறிப்போச்சு புஷ்பம். உனக்குத் தெரியல."

"ஊரு மாறட்டும்ங்க. வயிறு மாறிடுச்சா?"

மெழுகுவர்த்தியை ஏற்றி, ரம்பத் தகட்டை வைத்துப் பையின் வாயை மடித்து, நெருப்பில் ஓட்டி ஒட்டினார். கடை முழுக்க உருகிய பிளாஸ்டிக் வாசனை. சீரகம், வெந்தயம், பெருங்காயம் மணந்த கடையில் அந்த வாசனை எனக்கு மயக்கம் வரவழைத்தது. மூட்டைகள் உள்ளே போயின. இரும்பு அலமாரி வந்தது. இடத்தை அடைக்கிறது என்று வாசல் பெஞ்சைத் தூக்கி உள்ளே போட்டார். கடைசியில் குளிர்க் கடையில் பார்த்த மாதிரியே மூன்று மொழியில் அந்த போர்டு.

கடை பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் இருந்த ஆட்களும் வருவது நின்றுபோனது.

ஆ கியோங் கேட்டது

எங்கள் வரிசையில் நான்கு கடை தள்ளி ஆ கியோங் என்ற சீனர் முடி திருத்தும் கடை வைத்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. எங்கள் கடையை எடுத்துப் பெண்களுக்கென்று ஒரு சலூன் போட அவருக்கு ஆசை. வாரம் ஒரு தடவை வந்து, மலாயில், "சூசை, எதுக்குக் கஷ்டப்படுறே? கடையை என்கிட்ட கொடு. செக்யூரிட்டி வேலைக்குப் போ. உட்கார்ந்த இடத்துல சம்பளம்" என்பார்.

முதலில் என் வீட்டுக்காரர் சிரித்து மழுப்பினார். பிறகு சிரிப்பதை விட்டார். சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்தவர் என்னிடம் சொன்னார்:

"ஈஸ்டர் முடிஞ்சதும் ஆ கியோங்குக்குப் பதில் சொல்றேன்னு சொல்லிட்டேன். அநேகமா கொடுத்துடலாம் புஷ்பம்."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. அந்தக் கடையை மூடினால் அவர் மூச்சும் அடங்கிப்போகும் என்று எனக்குத் தெரியும். தராசுக்குப் பின்னால் நின்று நாலு பேரோடு வாயாடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஏதோ ஒரு கட்டடத்தின் கதவோரம் ஒரு நாற்காலியில் இவரை எப்படி உட்கார வைப்பது?

அந்தத் தவக்காலம் முழுக்க நான் மாதாவிடம் கெஞ்சவில்லை, சண்டைதான் போட்டேன். "கானாவூர்க் கல்யாணத்துல திராட்சை ரசம் தீர்ந்துபோச்சுன்னதும் உன் மகன்கிட்ட நீ போய்ச் சொன்னியே. எங்க கடையில ஆள் தீர்ந்துபோச்சு. இதையும் போய்ச் சொல்லு" என்றேன். மரியாதையில்லாத ஜெபம்தான். ஆனால் மனதார வேண்டிய ஜெபம்.

திரும்பவும் அந்தத் தட்டு

இப்போது அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். தராசின் மேல் தட்டு. தட்டில் குழைந்த சோறு.

"அக்கா," என்றார் என் வீட்டுக்காரர் மெதுவாக. "இது எங்க கடை அரிசி இல்லையே."

"அது எனக்குத் தெரியும். அந்தக் குளிர்க் கடையிலதான் வாங்கினனான்."

"அப்ப அங்கதானே கொண்டுபோகணும்?"

"கொண்டுபோய் ஆரிட்டைச் சொல்றது? காசு வாங்குற பிள்ளை நிமிர்ந்தும் பாக்குதில்லை. நான் சோத்துத் தட்டோட அங்க போய் நிண்டா எனக்கு விசர் எண்டு நினைப்பினம்."

"அதுக்கு இங்க கொண்டுவந்தீங்களா?"

"பின்னே? இருவது நாளா அவர் சாப்பிடேக்க முகத்தைச் சுழிக்கிறார். ஆரையாவது ஏசினாத்தான் எனக்கு மனம் ஆறும். உங்களைத்தானே தம்பி நான் ஏசலாம்?"

நான் மிளகாயைப் போட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். என் வீட்டுக்காரர் தட்டையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் வயிறு குலுங்கச் சிரித்து நான் பார்த்தேன். மனோன்மணி அக்காவுக்கு முதலில் ரோஷம் வந்தது, பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் சோற்றைக் கிள்ளி விரலில் உருட்டினார். "புது அரிசி, அக்கா. எப்பவும் வைக்கிற தண்ணி வெச்சிருப்பீங்க. பாதிக்குக் கொஞ்சம் மேல வெச்சாப் போதும். பொங்கினதும் அடுப்பைக் குறைச்சிடுங்க."

"இதை அந்தப் பையில எழுதேல்லையே!"

"பையில எப்படிக்கா எழுதுவாங்க?"

அப்போதுதான் மனோன்மணி அக்கா கடையைச் சுற்றிப் பார்த்தார். இரும்பு அலமாரி. வரிசையாகப் பாக்கெட். மேலே போர்டு. ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"உங்கடை பையிலயும் ஒண்டும் எழுதேல்லை, தம்பி. இப்ப நீங்களும் பையிலதான் விக்கிறியள். கேக்கவும் ஏலாது, கடிச்சுப் பாக்கவும் ஏலாது, திருப்பிக் கொண்டுவரவும் ஏலாது. பிறகு நான் ஏன் இங்க வரவேணும்? அங்க குளிராவது இருக்கு."

தட்டை மூடிக்கொண்டு போய்விட்டார்.

நான் பல மாதமாகச் சொன்னதை அவர் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குமேல் நான் என்ன சொல்வது?

என் வீட்டுக்காரர் எழுந்தார். ஸ்டூலைப் போட்டு ஏறி போர்டைக் கழற்றினார். சாக்கு அறுக்கும் கத்தியை எடுத்து, அலமாரியில் இருந்த முதல் அரிசிப் பாக்கெட்டைக் குத்திக் கிழித்து மூட்டைக்குள் கொட்டினார். பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது. நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டேன். மூட்டைக்குள் அரிசி சரியும் அந்தச் சத்தம் மழை மாதிரி இருந்தது. வாசலில் போன ஒரு சீனக் கிழவி நின்று, இந்த ஜோடிக்கு என்ன பைத்தியமா என்பதுபோல் பார்த்துவிட்டுப் போனாள்.

நாங்கள் செய்தது

மறுநாள் காலை பெஞ்ச் வாசலுக்கு வந்தது. ஆனால் பெஞ்ச் மட்டும் போதாது என்று எனக்குத் தோன்றியது. கிண்ணத்தில் அரிசி கொடுத்து ஆக்கிப் பார்க்கச் சொன்னதெல்லாம் பெண்கள் வீட்டில் இருந்த காலத்துக்குச் சரி. இப்போது பாதிப் பெண்கள் ஃபேக்டரி வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்கு நேரம் ஏது?

ஆகவே நானே ஆக்கினேன். மேலே வீட்டில் மூன்று வகை அரிசியைத் தனித்தனிப் பானையில் ஆக்கி, பெண்கள் வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கும் நேரத்துக்குக் கீழே கொண்டுவந்து வைத்தேன். பக்கத்தில் தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் சம்பால். உள்ளங்கையில் ஒரு உருண்டை. "இது இந்த மூட்டை, இது அந்த மூட்டை. எது வேணுமோ சொல்லிட்டுப் போங்க, மேல கொண்டுவந்து தர்றோம்."

மேலே கொண்டுவந்து தருவது என்பது சும்மா சொன்னதல்ல. எங்கள் புளோக்கில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. குளிர்க் கடையில் வாங்கினால் லிஃப்ட் நிற்கும் மாடியிலிருந்து பைகளைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும். என் வீட்டுக்காரர் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை போனார். போன இடத்தில், "தங்கச்சி, எண்ணெய் இருக்கா? புளி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு வருவார். யார் வீட்டில் புரட்டாசி விரதம், யார் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி, எல்லாம் அவருக்குத் தெரியும். விரத வீட்டுக்குப் போகும் நாளில் கருவாட்டுக் கூடையைத் தொடாமல் கையைக் கழுவிக்கொண்டுதான் மூட்டையைத் தொடுவார். அவர்கள் கேட்டதில்லை. இவரே செய்வார்.

கொஞ்ச நாளில் மாடிகளிலிருந்து குரல் வர ஆரம்பித்தது. மலாய்க்கார ரோக்கையா அக்கா தாழ்வாரத்தில் நின்று, "புஷ்பம்! கெலாப்பா சத்து!" என்று கத்துவார். ஒரு தேங்காய் துருவி அனுப்பு என்று அர்த்தம். இன்னொரு மாடியிலிருந்து, "எனக்கும் லா!" என்று வேறொரு குரல். இன்றைக்குப் போனில் விரலை வைத்தால் சாமான் வருகிறது என்று பெருமைப்படுகிறார்கள். எங்களுக்கு அன்றைக்கு வாயைத் திறந்தால் போதும்.

பின்படிக்கட்டில் ஏறிப் போனவர்களும் வந்தார்கள். எல்லாரும் இல்லை. சிலர் சோப்பும் பிஸ்கட்டும் குளிர்க் கடையில் வாங்கி, அந்தப் பையோடேயே எங்கள் வாசலுக்கு வந்து அரிசி சொன்னார்கள். ஒளியாமல் வந்தார்களே, அது போதும்.

ஈஸ்டர் முடிந்த வாரம்

ஈஸ்டர் முடிந்த வாரம் ஆ கியோங் ஒரு தச்சரோடு வந்தார். பதில் தெரிந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. தச்சர் அளவு நாடாவை இழுத்து ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் பிடித்தார். நாடா அரிசி மூட்டைகளின் மேலாகப் போனது.

வியாபாரம் முழுசாகத் திரும்பிவிடவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த மாத வாடகையை எப்படிக் கட்டுவது என்று எனக்கே தெரியாது. என் வீட்டுக்காரர் என்ன சொல்லப் போகிறார் என்றும் தெரியாது. நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. நான் தராசுப் பக்கம் நின்று மனதுக்குள் அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் உள்ளேயிருந்து மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வழியில் நாடா.

"நாடாவைத் தூக்கு. மேல ஆள் காத்திருக்கு" என்றார்.

"சூசை, என் பதில் என்னாச்சு?"

"தக் மாவு லா, ஆ கியோங்." வேண்டாம் என்று மலாயில் சொன்னார். சொல்லிவிட்டு நாடாவுக்குக் கீழே குனிந்து, மூட்டையோடு படியேறிப் போய்விட்டார்.

ஆ கியோங் என்னைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு வருஷம். அதுக்குமேல இந்தக் கடை நிக்காது" என்றார்.

"அதுக்குள்ள முடி நிறைய வளர்ந்திடும், போய் வேலையைப் பாரு லா" என்றேன். தச்சர் சிரித்துவிட்டார்.

என் வீட்டுக்காரருக்கு முழங்கால் போகும்வரை அந்தக் கடை நின்றது. குளிர்க் கடையும் நின்றது. அதுவரை அவர்களும் மூடவில்லை, நாங்களும் மூடவில்லை.

இன்றைக்குச் சின்னக் கடை வைத்திருக்கிற பிள்ளைகள் என்னிடம் வந்து, "ஆன்ட்டி, போனோட எப்படிப் போட்டி போடுறது?" என்று கேட்டால் என்னிடம் பெரிய யோசனை ஒன்றும் இல்லை. போனில் விற்கிறவர்களைப் பார்த்துக் காப்பியடிக்காதே. உன் கடையில் வந்து ஏசுவதற்கு ஒரு ஆள் இருக்கும்வரை பயப்படாதே. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இதைப் படிக்கிற அன்பர்களே, ஒரே ஒரு வேண்டுதல். இதை நாலு பேரிடம் சொல்லுங்கள், ஆனால் உள்ளதை உள்ளபடியே சொல்லுங்கள். நாங்கள் குளிர்க் கடையை ஜெயித்துவிட்டோம் என்று கூட்டிச் சொல்லாதீர்கள், அது பொய். பாவம், ஏழைக் கடைக்காரர்கள் என்று குறைத்தும் சொல்லாதீர்கள், அதுவும் பொய். கடையைக் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் தரமாட்டேன் என்றார். தரவில்லை.